காட்டுக்கு விருந்தாளியாகப் போவோம்

(முதுமலை சுற்றுலா பற்றி நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பயணக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



போன மாதம் குழுக் கூட்டங்களில் பல ஊர்களில் இருந்தும் ஒரே கோரிக்கை வந்தது. "கோயில் கோயிலா போயிட்டு வந்தாச்சு. ஒரு தடவை காட்டைப் பார்க்கணும். பிள்ளைங்க செல்போன்ல யானையைக் காட்டுறாங்க, நேர்ல பார்க்க வழி உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். அதே கூட்டங்களில் இன்னொரு கேள்வியும் வந்தது. "அந்தக் காசுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாமே, இது நமக்கு எதுக்கு?" இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம். ஆட்டுக்குட்டி வாங்கக் குழுவில் உள்கடன் இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது. வாங்கியும் இருக்கிறோம். ஆனால் வீட்டை விட்டு இரண்டு நாள், சமைக்காமல், பாத்திரம் கழுவாமல், நமக்காக மட்டும் போய் வந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னால் பாதிக் கை கூட எழாது. கல்யாணம், சீர், துக்கம், ஆஸ்பத்திரி, இதுக்குத்தான் நாம பஸ் ஏறுகிறோம். சிறுவாடு சேர்க்கத் தெரிந்த நமக்கு, அதில் ஒரு பங்கை நமக்கே செலவழிக்கவும் உரிமை உண்டு. வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: "கடன் வாங்கிப் போகலை, நான் சேர்த்த காசுல போறேன்."

இப்படிச் சொல்ல வேண்டுமானால் முதலில் காசைச் சேர்க்க வேண்டும்.

பணம்: கடன் வேண்டாம், தனிக் கணக்கு வேண்டும்

எங்கள் முதல் நிபந்தனை இதுதான். சுற்றுலாவுக்கு உள்கடன் கிடையாது. குழுவின் சேமிப்பிலும் கை வைக்கக் கூடாது. சந்தாவோடு சேர்த்து, வருகிறவர்கள் மட்டும் வாரம் 40 ரூபாய் தனியாகக் கட்டலாம். ஒரு வருஷத்துக்கு 52 வாரம், 2,080 ரூபாய் சேரும். இதற்குத் தனி நோட்டு போட்டு, வாராவாரம் வரவு எழுதி, கட்டியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நடுவில் யாருக்காவது வர முடியாமல் போனால் கட்டிய பணத்தை எப்படித் திருப்பித் தருவது என்பதைத் தொடங்கும் நாளிலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். பிற்பாடு மனஸ்தாபம் வராது.

செலவுப் பட்டியலில் வண்டி வாடகை, டிரைவர் படி, சாப்பாடு, தங்கும் செலவு, சஃபாரி கட்டணம், நீலகிரி எல்லையில் கட்டும் பசுமை வரி எல்லாம் வரும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அவசரச் செலவுக்கு ஒதுக்குங்கள். செலவாகவில்லை என்றால் திரும்பி வந்ததும் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

காசைப் போலவே கணக்குப் போட வேண்டியது நாள். நடவு, களையெடுப்பு, அறுப்பு நடக்கும் நாட்களில் கூலி வேலைக்குப் போகும் அக்காக்கள் வர முடியாது. கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குக் காலையும் மாலையும் பால் கறக்க ஆள் வேண்டும். அதனால் ஒரு குழுவில் எல்லோரும் ஒரே தடவையில் கிளம்ப வேண்டாம். இந்த வருஷம் பாதிப் பேர், அடுத்த வருஷம் மீதிப் பேர். இருப்பவர்கள் போகிறவர்கள் வீட்டு மாட்டைக் கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றட்டும். அடுத்த வருஷம் இவர்கள் அதைத் திருப்பிச் செய்வார்கள். இதையும் தீர்மானமாகப் போடுங்கள்.

எங்கே போகிறோம், எப்போது போகிறோம்

நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் நீலகிரி மாவட்டத்து முதுமலை. 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 2007இல் புலிகள் காப்பகம் ஆனது. ஒரு பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர், இன்னொரு பக்கம் கேரளத்தின் வயநாடு. யானைக்கு மாநில எல்லை தெரியாது, மூன்று காட்டிலும் அது நடந்துகொண்டே இருக்கும்.

கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கூடலூர் போய், அங்கிருந்து தெப்பக்காடு போக வேண்டும். சஃபாரி வண்டி கிளம்புவது தெப்பக்காட்டில்தான். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் கிட்டத்தட்ட பாதித் தூரம்தான். ஆனால் அது 36 கொண்டை ஊசி வளைவு உள்ள செங்குத்துப் பாதை. விபத்துகள் நடந்ததால் வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்க 2018இல் தடை போட்டார்கள். டிரைவர் "குறுக்கு வழி" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூடலூர் வழியே போவோம், நேரம் ஆனாலும் பரவாயில்லை.

மாதத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டம் மலை முழுக்க இருக்கும். பிப்ரவரியிலிருந்து புல் காய்ந்து காட்டுத்தீ பயம் வந்துவிடும், அப்போது சஃபாரியை நிறுத்தி வைப்பதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலைப்பாதையில் மண் சரியும். மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காடு பச்சையாக இருக்கும், குளிரும் இருக்கும். பொங்கல் விடுமுறையைத் தவிர்த்து, சனி ஞாயிறையும் தவிர்த்து, வார நாளில் போகலாம் என்பது எங்கள் யோசனை.

பாஸ், வண்டி, தங்குமிடம்

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் வேண்டும். இதற்குக் காசு கிடையாது, இணையதளத்தில் எடுக்கலாம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று 2025இல் வரம்பும் வைத்தார்கள். குழுவில் படித்த பெண்பிள்ளைகள் இருப்பார்கள், பாஸ் எடுக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். வண்டி எண், பயணிகள் எண்ணிக்கை, நாள் ஆகியவற்றைச் சரியாகப் பதிய வேண்டும்.

வண்டி பேசும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். தகுதிச் சான்று, காப்பீடு, பர்மிட் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். மலையில் ஓட்டிப் பழகிய டிரைவரா என்று விசாரியுங்கள். ராத்திரி முழுக்க ஓட்டி வந்த டிரைவரை மறுபடி மலை ஏற்றச் சொல்லக் கூடாது. காட்டு வழியாகப் போகும் முதுமலை–பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. ரோட்டைக் கடக்கும் விலங்குகள் அடிபட்டுச் சாகக் கூடாது என்று வந்த கட்டுப்பாடு அது. பொழுது சாய்வதற்குள் தங்கும் இடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

தங்குவதற்கு வனத்துறை விடுதிகள் இருக்கின்றன, முன்பதிவு தேவை. சஃபாரி நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் வனத்துறையிடம் ஒரு தடவை உறுதி செய்துகொள்வோம். நம்ம ஆட்கள் எல்லோரும் ஒரே சஃபாரி வண்டியில் ஏற முடியாமல் போகலாம். யார் காலை, யார் மாலை என்று வீட்டிலிருந்தே பிரித்துக்கொண்டு போவோம். அங்கே போய் "நான் முதல்ல" என்று நிற்க வேண்டாம்.

தனியார் விடுதியில் தங்குவதாக இருந்தால் அரசு அனுமதி பெற்றதா என்று கேட்காமல் முன்பணம் கட்டக் கூடாது. காரணம் இருக்கிறது. மசினகுடிப் பக்கம் சீகூர் பீடபூமி யானைகள் காலங்காலமாக நடக்கும் வழி. அதை யானை வழித்தடமாகத் தமிழக அரசு 2010இல் அறிவித்தது. விடுதிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசின் அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மேல் நெருப்பை எறிந்தார்கள். காது பற்றி எரிந்து அந்த யானை செத்துப்போனது. அதன் வழியில் கட்டடம் கட்டிவிட்டு, அது வந்தால் விரட்டுவது என்ன நியாயம்? அப்படிப்பட்ட இடத்துக்கு நம்ம சிறுவாட்டுக் காசு போகக் கூடாது.

"ராத்திரி சஃபாரி கூட்டிட்டுப் போறோம், புலி நிச்சயம்" என்று சொல்லி ரோட்டில் வண்டியை மறிப்பவர்களும் உண்டு. காப்பகத்துக்குள் ராத்திரி சஃபாரிக்கு அனுமதி இல்லை. போனால் அபராதமும் ஆபத்தும் நமக்குத்தான்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது

சுற்றுலா என்றால் பளிச்சென்ற சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ, கை நிறைய வளையல் என்பதுதான் நம்ம வழக்கம். காட்டுக்கு அது ஒத்துவராது. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் மாதிரிப் பளிச்சென்ற நிறம் வேண்டாம். பச்சை, காவி, சாம்பல் மாதிரி மங்கிய நிறச் சேலையோ சுடிதாரோ போதும். பூவும் வேண்டாம், சென்ட்டும் வேண்டாம், கொலுசும் வேண்டாம். மோப்பத்தால் பிழைக்கும் உயிர்களின் வீட்டுக்கு நாம வாசத்தோடு போகக் கூடாது. இதில் எங்களுக்கு ஒரு மனநிறைவும் உண்டு. அந்த வண்டியில் யார் தலையிலும் பூ இருக்காது. பூ வைத்தவர், வைக்கக் கூடாது என்று ஊர் சொன்னவர் என்ற பேதம் அங்கே தானாகவே இல்லாமல் போகும். கணவரை இழந்த சகோதரிகளைக் குழுக்கள் கட்டாயம் கூப்பிட வேண்டும்.

காலையில் வண்டியில் குளிர்காற்று அடிக்கும். ஸ்வெட்டர் இல்லாவிட்டால் கனமான போர்வை, காதை மூட ஒரு துண்டு போதும். ஹவாய் செருப்பு வழுக்கும், பின்னால் வார் உள்ள செருப்போ ஷூவோ நல்லது. ஆதார் அட்டை அசலும் ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் கேரி பைக்கும் தடை. சோதனைச் சாவடியில் பார்த்தால் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில், துணிப்பை, தட்டு, டம்ளர் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். கட்டுச்சோறு கட்டினால் வாழை இலையிலோ தூக்குவாளியிலோ கட்டுங்கள். உப்பும் எண்ணெயும் ஒட்டிய பிளாஸ்டிக் பையை மானும் யானையும் உணவென்று தின்றுவிடும். அது வயிற்றில் அடைத்துக்கொள்ளும். நாப்கின் பயன்படுத்துவோர் காகிதத்தில் சுற்றி ஒரு துணிப்பையில் வைத்து வீட்டுக்கே திருப்பி எடுத்து வர வேண்டும். சொல்லக் கூச்சம் வேண்டாம், நாம எல்லோரும் பெண்கள்தானே.

உடம்பைக் கவனிப்போம்

மலைப்பாதையில் வாந்தி வருபவர்கள் வெறும் வயிற்றோடும் வர வேண்டாம், வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம். இட்லி ரெண்டு போதும். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். முன் இருக்கை அவர்களுக்குத்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுவோர் நாலு நாளுக்கானதைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு மேலே கட்டிவிடாதீர்கள். காட்டுப்பாதை குலுக்கும். கர்ப்பிணிகளும், இடுப்பு, தண்டுவட ஆபரேஷன் செய்தவர்களும் சஃபாரி வண்டியில் ஏற வேண்டாம். அவர்கள் யானை முகாமைப் பார்க்கலாம், அதுவே கண்கொள்ளாக் காட்சி.

சஃபாரி நேரத்தில் நடுவில் இறங்க முடியாது. கழிப்பறைக்குப் போய்விட்டு வண்டி ஏறுங்கள். காட்டுக்குள் செல்போன் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. "போன் எடுக்கலை" என்று வீட்டில் பதறாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வண்டிக்குள் நம் ஒழுங்கு

வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் இருப்பது நமக்குக் கஷ்டம்தான்! ஆனாலும் இருக்க வேண்டும். "அங்க பாரு, அங்க பாரு" என்று கத்தினால், பார்க்க வந்தது ஓடிவிடும். பக்கத்து ஆளின் கையைத் தொட்டு, விரலால் காட்டினால் போதும். போனில் சத்தத்தை அணைத்து, பளிச்சென்று வெளிச்சம் அடிக்காமல் படம் எடுக்கலாம். எந்த விலங்குக்கும், குரங்குக்குக் கூட, தின்பண்டம் போடக் கூடாது. போட்டுப் பழக்கினால் அது ரோட்டோரத்திலேயே காத்திருந்து வண்டியில் அடிபடும். வண்டியை விட்டு இறங்கவே கூடாது. சொந்த வண்டியில் காட்டு ரோட்டில் போகும்போதும் இதே ஒழுங்குதான்.

என்னென்ன பார்க்கலாம்? புள்ளிமான், கடமான், காட்டெருமை, மயில், மலை அணில் அடிக்கடி கண்ணில் படும். யானை பெரும்பாலும் தென்படும். புலி இருக்கிறது, ஆனால் காட்டுவதாக யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. புலியைப் பார்க்கவில்லை என்றால் காசு வீண் என்று நினைக்காதீர்கள். ஒரு அக்கா சொன்ன மாதிரி, "நாம அதைப் பார்க்கலைன்னா என்ன, அது நம்மளப் பார்த்திருக்கும்."

வானத்தையும் பாருங்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பிணந்தின்னிக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் அவை மிஞ்சி இருக்கும் சில இடங்களில் இது ஒன்று. அவை அழிந்ததற்கும் நம்ம மாட்டுக் கொட்டகைக்கும் சம்பந்தம் உண்டு. மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்து உடம்பில் தங்கி, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006இல் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தார்கள். 2023இல் அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் மருந்துகளையும் தடை செய்தார்கள். கழுகைக் கெடுக்காத மெலாக்சிகாம் இருக்கிறது. அடுத்த தடவை மாட்டுக்கு ஊசி போடும்போது என்ன மருந்து என்று கேளுங்கள். கறவை மாடு வைத்திருக்கும் நம்மால் இது முடியும்.

தெப்பக்காட்டில் பார்க்க வேண்டியவர்கள்

தெப்பக்காடு யானைகள் முகாமில் ராகி, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு சேர்த்துக் களி உருட்டி யானைக்கு ஊட்டுவதைக் குறித்த நேரத்தில் பார்க்கலாம். அந்த உருண்டையைப் பார்த்தால் நம்ம ராகிக் களி ஞாபகம் வரும். தாயை இழந்த ரகு, பொம்மி என்ற யானைக் குட்டிகளைப் பொம்மனும் பெள்ளியும் வளர்த்ததை எடுத்த ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் விருது வாங்கியது. அதே ஆண்டு பெள்ளியைத் தமிழ்நாட்டின் முதல் பெண் யானைப் பராமரிப்பாளராக அரசு நியமித்தது. பல வருஷமாகச் செய்த வேலைக்குப் பதவியும் சம்பளமும் கிடைத்தது. வீட்டில் நாம செய்யும் வேலைக்குக் கணக்கு இல்லாமல் போவதைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்! அதனால்தான் இந்தச் செய்தி நமக்கு இனிக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. காட்டைச் சுற்றி இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மக்கள் வாழ்கிறார்கள். நமக்கு இரண்டு நாள் வேடிக்கை, அவர்களுக்கு அது தினப்படி வாழ்க்கை. 2021இல் மசினகுடிப் பக்கம் ஆட்களைக் கொன்ற புலியை மூன்று வாரம் தேடி, அக்டோபரில் உயிரோடு பிடித்தார்கள். அத்தனை நாளும் மாடு மேய்க்கப் போனவர்களும் தேயிலை பறிக்கப் போனவர்களும் என்ன பாடு பட்டிருப்பார்கள்? அவர்கள் வீட்டு முற்றத்தில் போய் நின்று கேட்காமல் படம் எடுப்பது தகாது. நம்ம வீட்டுக்குள் யாராவது அப்படி வந்தால் விடுவோமா? தேனோ, மிளகோ, கைவேலைப் பொருளோ அவர்களிடம் நேராக வாங்கினால் பேரம் பேசாதீர்கள். நம்ம ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் பேரம் பேசினால் நமக்கு எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும்.

இனி செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த உரையை ஒருவர் வாசிக்கட்டும். வர விரும்புபவர் பெயர், வயது, உடல்நிலை எழுதி, வாரம் எவ்வளவு கட்டுவது என்று தீர்மானம் போட்டு, நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். காசு குறைவாக இருப்பவர்கள் பின்வாங்க வேண்டாம். அவர்கள் இரண்டு வருஷமாகச் சேர்த்து அடுத்த அணியில் வரலாம், இடம் வைத்திருப்போம்.

விருந்துக்குப் போகிற வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காடும் ஒரு வீடுதான். போவோம், பார்ப்போம், ஒரு குப்பையும் போடாமல் திரும்பி வருவோம்.